பத்துப் படங்கள்

பேனர் கடையிலிருந்து மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டுவிட்டார்கள். கோவிந்தசாமி மகள் சிவசங்கரியின் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலுக்கு அது சரியாக நகரவில்லை. நகர்ந்தவற்றில் அவள் முகம் ஒன்றுகூட இல்லை.

“கெடச்சிச்சா மாமா?” சாமியானாவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டான் அக்கா மகன் வெற்றிவேல். “நாலு மணிக்கு எடுக்கணும்.”

“எல்லாம் அவ வரஞ்ச படமாத்தான் இருக்குது.”

பத்துப் படங்கள். எல்லாமே மரங்கள். டைல்ஸ் ஒட்டும் பசை வரும் காகித மூட்டையை, வேலையிடத்தில் பிளேடால் பக்குவமாகப் பிரித்து அவர்தான் கொண்டுவருவார். ஜவுளிக்கடையிலிருந்து வந்ததும் அதன் உட்பக்கத்தில் அவள் கரியால் வரைவாள். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒவ்வொன்றாக அவர் வெயிலில் தூக்கிப் பிடிக்க, அவள் போனில் எடுத்தாள். எல்லாவற்றின் ஓரத்திலும் அவர் விரல்கள்.

“படத்துல உன் கை வுழுதுப்பா. மறைச்சிக்கோ.”

“கையில்லாம எப்டிடி புடிக்கிறது? பல்லால கவ்விக்கட்டுமா?”

அவள் சிரித்ததில் ஒரு படம் ஆடிப்போயிருந்தது. அதில் மரமும் விரலும் ஒன்றாகக் கலங்கிக் கிடந்தன.

ஜவுளிக்கடையில் அவளோடு வேலை பார்த்த சரிதா போனை வாங்கிப் பார்த்தாள். “போன்ல எடம் பத்தலன்னு மத்த போட்டோவெல்லாம் அழிச்சிட்டாப்பா. இந்த அப்ளிகேஷனுக்காக.” தன் போனில் ஆயுத பூஜையன்று எடுத்த போட்டோவிலிருந்து சிவசங்கரியை மட்டும் வெட்டிப் பேனர் கடைக்கு அனுப்பினாள். பிறகு தயங்கி நின்றாள்.

“இன்னிக்கித்தாம்பா அதுக்குக் கடைசி நாளு.”

அவருக்குத் தெரியும். மேற்கே மலையடிவாரத்தில், காட்டை ஒட்டி, படம் வரைகிறவர்களுக்கென்று ஒரு வீடு. இரண்டு மாதம் தங்கி வரையலாம். சாப்பாடு அவர்களே போடுவார்கள். “படம் போட்டா சோறா? எனக்கும் ஒரு எடம் கேளுடி, கலவ போட்டுத் தரேன்” என்று கேலி பேசியிருந்தார்.

“இன்னும் அனுப்பலியா?”

“எல்லாம் எழுதிட்டா. அவ போட்டோ மட்டுந்தான் வெக்கல.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று சொன்னவர் அவர்தான். அன்றைக்குக் கான்கிரீட் வேலை வந்தது, போய்விட்டார். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். இன்று சனிக்கிழமை.

போனை வாங்கி, நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். இங்கே ஏன் வர விரும்புகிறீர்கள்? அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஒரு முழு மழையையும் இலைமேல் விழும் சத்தமாகக் கேட்டு வரைய வேண்டும்.’

“அனுப்பு.”

“அப்பா…”

“ஆளு வராட்டி படத்த வெச்சிக்க மாட்டாங்களா? வரையற எடந்தானே. செவுத்துல ஒட்டட்டும்.”

சரிதா போனை வாங்கினாள். பேனருக்கு அனுப்பிய அதே போட்டோவை வைத்துவிட்டு, போனை அவரிடம் நீட்டினாள். “நீயே அழுத்துப்பா.”

சிமெண்டில் வெடித்த விரலைப் போன் கண்ணாடி கண்டுகொள்ளவில்லை. துண்டில் துடைத்து மறுபடி அழுத்தினார். நான்காவது தடவை போயிற்று.

நாலு மணிக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். அவர் மனைவி செல்வாம்பாள் மகளின் காலைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். வெளியே பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வாய்க்கரிசி போடு மாமா,” என்றான் வெற்றிவேல். பிரான்சில் இருக்கும் தன் தங்கை வீடியோவில் பார்ப்பதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

கோவிந்தசாமி குனிந்து அரிசியைப் போட்டார். போட்ட கையைச் சட்டென்று துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.