வாசலைத் தாண்டாதே

அச்சகத்தின் பின்னறையில் காகிதக் கட்டுகள்தான் நாற்காலி. சனிக்கிழமை மதியம் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அச்சகக்காரர் அந்த மாதப் பத்திரிகையை விரித்தால், வாசகர் வட்டம் கூடிவிட்டது என்று அர்த்தம். இருபது பக்கத்தில் ஒரு சபைப் பத்திரிகை. அதில் பதினெட்டுப் பக்கத்தை யாரும் படித்தார்களோ இல்லையோ, கடைசி இரண்டு பக்க வாசகர் கடிதங்களுக்காகச் சட்டையைப் பிடிக்காத குறையாக மோதிக்கொள்வார்கள்.

இந்த மாதம் கடிதங்களில் இரண்டு கேள்விகள். தீர்க்கதரிசனம் போன்ற ஆவிக்குரிய வரங்கள் இன்றைக்கும் உண்டா? நடக்கிற போர் கடைசிக் காலத்தின் அடையாளமா?

"போர் இல்லாத காலம் எதுங்க? எங்க தாத்தாவும் இதையேதான் கேட்டுக்கிட்டிருந்தார்," என்றார் மருந்துக்கடைக்காரர். "வரமும் அப்படித்தான். அப்போஸ்தலரோட முடிஞ்சுபோச்சு. இப்ப சுத்திக்கிட்டிருக்கிறதெல்லாம் காலாவதியான மாத்திரை."

"உங்க கடைச் சரக்கைச் சொல்றீங்களா?" என்றார் அச்சகக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

தையலக்கா சிரிக்கவில்லை. காலையில் இருந்து அவள் வயிற்றில் ஒரு பருக்கை இறங்கவில்லை. அந்த வட்டத்தில் தீர்க்கதரிசன வரம் உள்ளவள் என்று பெயர் வாங்கியிருந்தவள் அவள்தான். பன்னிரண்டு வருஷப் பெயர்.

அவளுக்கு எதிரே, கைகளை மடியில் வைத்தபடி லாண்டரியக்கா. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து வெளுத்து விரல் நுனியெல்லாம் உரிந்துபோன கைகள். அவளுடைய ஒரே மகன், போர் நடக்கிற ஊரில் வெல்டர். கூட வேலை பார்க்கிற பத்துப் பேரோடு ஒரே விடுதியில் தங்கியிருந்தான். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகத் துறைமுகத்தில் கப்பல் நின்றது. அதுவரை கொண்டுபோய்விட பஸ் விட்டார்கள். ஆனால் துறைமுகச் சாலையில் ஒரு பஸ் எரிந்ததைச் செய்தியில் காட்டிவிட்டார்கள்.

போன சனிக்கிழமை லாண்டரியக்கா இதே அறையில் தையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கேட்டுச் சொல்லு தங்கச்சி. அவன் போகணுமா, இருக்கணுமா? கர்த்தர் என்ன சொல்றார்?"

தையலக்கா கண்ணை மூடினாள். எப்போதும் அவள் நினைக்கும் முன்பே வார்த்தை வாய்க்கு வந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. இமையைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்த அந்தக் கைகள்தான் தெரிந்தன. பஸ் என்றாலே நடுங்குகிற தாய்க்கு எது ஆறுதல் என்று யோசித்தாள். தேடி எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

"மகனே, உன் வாசலில் என் தூதன் நிற்கிறான். வாசலைத் தாண்டாதே!"

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீர்க்கதரிசனம் என்று எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதி, அது கர்த்தரிடமிருந்து வந்ததுதானா என்று இரண்டு பேர் ஜெபித்து நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டால் ஆமென் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றைக்கும் அவள் வாயை மூடுவதற்குள் இரண்டு ஆமென் வந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு வாரத்தில் மகனின் விடுதிக்குப் பக்கத்து இரண்டு தெருக்கள் தரைமட்டம். இன்றைக்குக் கடைசி பஸ். அந்த ஊர் நேரப்படி நாலு மணிக்கு. அங்கே இப்போது மணி மூன்று.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் தையலக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "போன வாரம் நான் சொன்னது கர்த்தர் சொன்னது இல்ல. நானா சொன்னது."

அச்சகக்காரர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"சோதனைம்மா இது," என்றார் அச்சகக்காரர் மெதுவாக. "பெரிய வார்த்தை வந்தா பின்னாலயே சந்தேகமும் வரும். பிசாசு சும்மா இருப்பானா? நாங்க ரெண்டு பேரு நிதானிச்சுப் பார்த்துத்தானே ஆமென் சொன்னோம்?"

"நீங்க என்னத்த நிதானிச்சீங்க? நான் மூச்சு விடறதுக்குள்ள சொல்லிட்டீங்க."

எல்லோரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் வாதம் ஜெயித்த நாள். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போனைப் போடுங்கம்மா. நேரம் போகுது," என்றார்.

லாண்டரியக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "போனைத் தர மாட்டேன். அந்த வார்த்தையாலதான் ஒரு வாரமா எம்புள்ளை உசுரோட இருக்கான். பக்கத்துத் தெரு போச்சு, அவன் தெரு போகலியே! நீ ஏன்டி அதைப் பிடுங்கற?"

"அக்கா, எனக்கு எதுவும் தெரியாதுக்கா. போகச் சொல்லவும் தெரியாது, இருக்கச் சொல்லவும் தெரியாது. அவனே யோசிச்சு முடிவு பண்ணட்டும். கடவுள் தடுக்கிறார்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம்."

மருந்துக்கடைக்காரர் தன் போனை நீட்டினார். எண் தையலக்காவுக்கு மனப்பாடம். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சித்தி! எல்லாரும் நல்லா இருக்கோம். வாசலை இன்னும் தாண்டல," என்று சிரித்தான். பின்னால் எதுவோ அதிர்ந்தது.

சொன்னாள். ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"சித்தி, அன்னிக்கு நீங்க பேசினதை அம்மா ரெக்கார்ட் பண்ணி அனுப்பினாங்க. ரூமே அதைக் கேட்டுச்சு. பதினோரு பேரும் பஸ்ஸுக்குப் பேரைப் பதிவு பண்ணியிருந்தோம். பதினோரு பேரும் போய்ப் பேரை அடிச்சுட்டு வந்தோம்."

ஒருவனுக்குச் சொன்னதாகத்தான் தையலக்கா நினைத்திருந்தாள். பதினோரு பேர்.

"பஸ்ல இடம் இருக்காம். ஆனா நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே பேசி அனுப்புங்க. அதே குரல்ல. சீக்கிரம் சித்தி!"

ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாள். மூன்று தடவை அழித்தாள். நாலாவது தடவை நின்றது. "நான் சொன்னது தீர்க்கதரிசனம் இல்ல. ஒரு தாயைத் தேத்தறதுக்காக நானா சொன்ன பொய். கர்த்தர் பேரை அதுல சேர்த்தது என் பாவம். அதை நம்பி யாரும் உக்காந்திருக்காதீங்க. நீங்களே யோசிச்சு முடிவெடுங்க." இது எத்தனை சபைகளுக்குச் சுற்றும் என்பது அவளுக்குத் தெரியும். அனுப்பினாள்.

லாண்டரியக்கா சுவரைப் பார்த்து மண்டியிட்டிருந்தாள். "அந்த ரோட்டுல அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்றவள், திரும்பிப் பார்க்காமலே நிறுத்திக்கொண்டாள். தையலக்கா அவள் பக்கத்தில் போய் மண்டியிடத் துணியவில்லை.

பத்து நிமிஷத்தில் மகனிடமிருந்து செய்தி வந்தது. 'ஏழு பேர் கிளம்பிட்டோம். நாலு பேர் வரல. முதல்ல பேசினதுதான் ஆவி, இப்ப பேசறது பயம்னு சொல்றாங்க.' கீழே நாலு எண்கள்.

முதல் ஆள் எடுத்து, மரியாதையாக ஜெபிக்கச் சொல்லிவிட்டு வைத்தான். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் எடுக்கவே இல்லை. நாலாவது ஒரு கிரேன் டிரைவர். ஐம்பது வயசுக் குரல்.

"சிஸ்டர், நீங்க பேசினதைக் காதுல வச்சுக்கிட்டுத்தான் ஒரு வாரமா நான் தூங்கறேன்," என்றார் அவர். "எனக்கு இங்க வேற ஒண்ணும் இல்ல. தயவுசெஞ்சு அதை எடுத்துடாதீங்க."

"அண்ணே, கேளுங்கண்ணே! அங்க தூதனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நான்தாண்ணே! வெறும் தையல்காரி நான்!"

அவர் வைத்துவிட்டார்.

அவள் மறுபடி அழைத்தாள். மறுபடியும் அழைத்தாள். அங்கே மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த எண் அணைக்கப்பட்டிருந்தது.