நாற்பத்தோரு முறைப்புகள்

ஏழு வருஷமாக அவள் மாமியார்களை வில்லியாக்கித்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். எடிட்டர் வேலை என்றால் அப்படித்தான் என்பாள்.

டிவி நிகழ்ச்சி இதுதான்: ஒரு மாமியாரையும் மருமகளையும் மூன்று நாள் ஒரு செட் வீட்டுக்குள் விட்டு, சமை, துடை, துணி மடி என்று போட்டி வைப்பார்கள். அந்த வீட்டில் மருந்துக்குக்கூட ஓர் ஆண் கிடையாது. ஆண் இருந்தால் சண்டை திசைமாறிவிடுமாம். டைரக்டரின் கணக்கு அது. வார்த்தைக்கு வார்த்தை 'பொறி பறக்கணும்' என்பவர், அதனால் எல்லோரும் அவரைப் பொறி என்றே சொன்னார்கள்.

அந்தப் பொறியைப் பறக்கவிடுவது அவள் கையில் இருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு, மூன்று நாள் படத்தையும் கடகடவென்று ஓட்டி, மாமியார் முகம் சுளிக்கும் இடங்களை எல்லாம் வெட்டி 'முறைப்பு' என்றொரு ஃபோல்டரில் போடுவாள். தும்மலுக்குச் சுளித்தாரா, ஈயைப் பார்த்துச் சுளித்தாரா, அதெல்லாம் யாருக்கு வேண்டும்? மருமகள் வாய் திறக்கும் இடத்தில் ஒன்றைச் செருகிவிட்டால் போதும், மீதியை ஜனங்களே திட்டித் தீர்த்துக்கொள்வார்கள்.

அன்று காலை புது ஜோடியின் படத்தைத் திறந்தாள். திரையில் மாமியாராக நின்றது, சாட்சாத் அவளைப் பெற்ற அம்மா. பக்கத்தில் அண்ணி.

போன வாரம் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறோம் என்று கிளம்பிய கூட்டுக்களவாணிகள். இங்கே வேலை பார்க்கிறவர்களின் சொந்தக்காரர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. படிவத்தில் மகளே கிடையாது என்று எழுதியிருப்பாள் மகராசி.

பொறி பின்னால் வந்து நின்றார். "பாத்தியா இந்தம்மாவ? இப்படியொரு வில்லி நமக்குச் சிக்கினதே இல்ல. அஞ்சு மணிக்குள்ள வெட்டிக் குடு."

எண்ணினாள். நாற்பத்தோரு முறைப்பு. அம்மா கடிகாரத்தை முறைத்தாள், சுவரை முறைத்தாள், ஒரு காலித் தட்டை நிமிஷக்கணக்கில் முறைத்தாள். அண்ணியோ அம்மாவின் காதோரம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள்.

இதை வெட்டிக் கொடுத்தால் அம்மா கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. மாட்டேன் என்றால் இன்னொருத்தர் வெட்டுவார். இத்தனை வருஷம் வெட்டிய மாமியார்களுக்கும் வீட்டில் மகள்கள் இருந்திருப்பார்களே என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் அம்மா எதற்கு இப்படி முறைக்கிறாள்? வீட்டில் இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருப்பவர்கள். ஹெட்போனை மாட்டிச் சத்தத்தை முழுசாக ஏற்றினாள்.

"அத்தை, அது சர்க்கரை. உப்பு இந்தப் பக்கம்," என்று அண்ணி கிசுகிசுத்தாள். "முன்னாடி ஒரு படி இருக்கு, பாத்து."

"கேமரா எங்கடி இருக்கு?"

"இப்ப நீங்க முறைச்சிட்டிருக்கீங்களே, அதுதான். கண்ணாடியப் போட்டுக்குங்கன்னா கேக்குறீங்களா?"

"போடி. டிவில கிழவி மாதிரி தெரிவேன்."

அப்போதுதான் கவனித்தாள்: அம்மாவின் மூக்கில் அந்தச் சோடாப்புட்டிக் கண்ணாடி இல்லை. நாற்பத்தொன்றும் முறைப்பே இல்லை, கண் தெரியாமல் இடுக்கிப் பார்த்தது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு முறைப்பைக்கூட இடம் மாற்றவில்லை. நடந்தது நடந்தபடியே வெட்டி, கிசுகிசுப்பை மட்டும் காதில் விழும்படி ஏற்றி வைத்தாள்.

ஐந்து மணிக்குப் பொறி பார்த்தார். "சண்டை எங்கம்மா?"

"நடக்கவே இல்ல சார். அது எங்க அம்மா."

அவர் திரும்பி அவளைப் பார்ப்பதற்குள், திரையில் அம்மா குடை மாட்டும் ஸ்டாண்டை நிகழ்ச்சித் தொகுப்பாளினி என்று நினைத்துக் கைகூப்பி வணக்கம் சொன்னாள். பொறியின் தொப்பை குலுங்கியது. ரொம்ப நேரம் குலுங்கியது. பிறகு தாடையைச் சொறிந்துகொண்டார்.

"எங்க வீட்லயும் அம்மாவும் என் பொண்டாட்டியும் எப்பப் பாரு குசுகுசுன்னு பேசிக்குவாங்க. சண்டைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "சரி, அனுப்பு. உங்க அம்மான்னு நீ சொல்லல, நான் கேக்கல."

ஒளிபரப்பான மறுநாள் காலையிலேயே அம்மாவின் போன் வந்தது.

"ஏண்டி, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டியே."

"இல்லன்னா உன்ன ராட்சசின்னு சொல்லியிருப்பாங்கம்மா."

"சொல்லட்டுமே. நாலு பேரு பயந்திருப்பாங்க. இப்ப பாரு, மளிகைக்கடைக்காரன் என் கையப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விடுறான். நான் கேட்டனா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"துணி மடிக்கிற போட்டில நான் ஜெயிச்சேன்ல," என்றாள் அம்மா, குரல் இறங்கி. "நேத்துதான்டி பாக்குறேன். நான் மடிச்சு வச்சத எல்லாம், நான் அந்தப் பக்கம் திரும்பினதும் அவ பிரிச்சுத் திரும்ப மடிச்சிருக்கா. அவளுக்கு இந்த ஜென்மத்துல துணி மடிக்க வராதுன்னு ஒரு வாரமா அவகிட்டயே பீத்திக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலியே அவ."

"அண்ணி இப்ப எங்க?"

"உள்ளதான் இருக்கா. அவ மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு தெரியல. அதான் முதல்ல உன்னத் திட்டலாம்னு போன் போட்டேன்."