இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

கண்ணையன் பயந்தாங்கொள்ளி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வைக்கோல் போரில் புகுந்த பாம்பை வாலைப் பிடித்து இழுத்து வீசியவன் அவன். அப்பேர்ப்பட்டவன்தான் அன்றைக்குப் பட்டப்பகலில் ஒரு குரலுக்குப் பயந்து ஓடினான்.

எண்பத்து நாலாம் வருஷம், சித்திரை மாதக் கடைசி. பிரம்மதேசத்துக்குத் தெற்கே நாற்பது வீடு உள்ள ஊர். உச்சி வெயிலில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைதான் வரப்போகிறது என்று பெண்கள் களத்தில் காய்ந்த வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, கூட்டிக் குவித்தார்கள். வந்தது மழை இல்லை, சூறைக்காற்று. காற்றா அது? குவித்த மல்லாட்டையைக் கொடியோடு அள்ளிக்கொண்டு வானத்துக்குப் போனது. கால் மணி நேரம்கூட இல்லை. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்கும் கூரை மிஞ்சவில்லை. மேலத்தெருவில் ஓர் ஓடுகூட அசையவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

காற்று நின்றதும் மேலத்தெரு மொத்தமும் கீழத்தெருவுக்கு ஓடி வந்தது. வெள்ளையம்மாள் வீட்டுச் சுவர் உத்திரத்தோடு அவள் மேல் சாய்ந்து கிடந்தது. உள்ளே அவள் முனகுவது கேட்டது.

"வடம் இருந்தாத்தான் உத்திரத்தத் தூக்க முடியும். ஜல்தி, யாராச்சும் எடுத்தாங்கய்யா!" என்று கத்தினான் கண்ணையனுக்கு மாமன் முறையான முருகையன்.

மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்து வடக்கயிறு ஒன்று கண்ணையன் கொல்லைக் கொட்டகையில் கிடந்தது. ஓடிப் போய் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கு வழியில் திரும்பினான். அந்த வழியில்தான் பாழுங்கிணறு இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் விழுந்து செத்த கிணறு. அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் ஆடு மாடுகூட ஓட்டுவதில்லை.

"கண்ணையா!"

கண்ணையன் நின்றுவிட்டான். சீனுவாசன் குரல். அதில் சந்தேகமே இல்லை. அடுத்த வீட்டுக்காரன், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளர்ந்தவன், அண்ணன் முறை. ஆனால் சீனுவாசன் ஊரிலேயே இல்லையே! காலை ஆறு மணி பஸ்ஸில் நாலு மூட்டை மல்லாட்டையை மேலே ஏற்றி அவனைத் திண்டிவனம் அனுப்பியதே கண்ணையன்தான். சாயந்திரம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். அப்படியானால் இங்கே கூப்பிடுவது யார்?

அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சேதி இது. காட்டேரி வேண்டியவர்கள் குரலில்தான் கூப்பிடும். அதுவும் இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாம் தரம் கூப்பிட அதற்கு நாக்கு வராது. மூன்று தரம் கூப்பிட்டால் மனுஷன், ஏன் என்று கேட்கலாம். அதற்கு முன்னால் வாயைத் திறந்தால் ஆள் காலி.

"கண்ணையா..."

இரண்டாவது தரம் குரல் இறங்கியிருந்தது. கண்ணையன் மூன்றாவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் நின்றானோ, அவனுக்கே தெரியாது. காற்று இல்லை, குருவிச் சத்தம்கூட இல்லை. மூன்றாவது வரவில்லை. வடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

வெள்ளையம்மாள் பிழைத்தாள். எட்டுப் பேர் வடத்தைப் பிடித்து உத்திரத்தைத் தூக்க, கண்ணையன் உள்ளே புகுந்து அவளை இழுத்து வந்தான். இடுப்பெலும்பு போயிருந்தது. கட்டிலில் கிடத்தி நாலு பேர் பிரம்மதேசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் வண்டி எதுவும் ஓடவில்லை. மேலத்தெருப் பெண்கள் பெரிய அண்டாவை வைத்து ஊருக்கே கேப்பைக் கூழ் காய்ச்சினார்கள். வரப்புச் சண்டையில் மூன்று வருஷமாக முகம் பார்க்காதவர்கள் ஒருவன் கூரைக்கு ஒருவன் மூங்கில் தூக்கினார்கள். கண்ணையன் பத்து ஆள் வேலையைத் தனியாகச் செய்தான். நின்றால் அந்தக் குரல் காதில் விழுந்தது.

பொறுக்க மாட்டாமல், கூரை கட்டிக்கொண்டிருக்கும்போது முருகையனிடம் மெதுவாகச் சொன்னான். முருகையன் முகம் செத்துவிட்டது.

"வாயத் தொறந்தியா?"

"இல்ல மாமா."

"தப்பிச்சடா! வந்த காத்தே நல்ல காத்து இல்ல, எதையோ கூட்டிக்கினு வந்திருக்குது. கோவிந்தம்மா காதுல போட்டுடாத. உசிரோட இருக்கறவன் கொரல்ல காட்டேரி கூப்ட்டுச்சுன்னு கேட்டா, பொம்பள இடிஞ்சு பூடுவா." மடியிலிருந்த விபூதியை எடுத்துக் கண்ணையன் நெற்றி நிறையப் பூசினான்.

கோவிந்தம்மாள் சீனுவாசன் பெண்டாட்டி. அவள் வீட்டுக் கூரையும் போயிருந்தது. அந்த நிலையிலும் கண்ணையனுக்கு ஒரு சொம்பு கூழ் கொண்டு வந்து நீட்டினாள்.

"அவரு இருந்தா உனுக்கு ஒத்தாசையா இருந்திருப்பாரு. ஆனா பாரு, திண்டிவனம் போனதால தப்பிச்சாரு. சாமிதான் அனுப்பி வச்சுது" என்று சிரித்தாள்.

கண்ணையன் சொம்பை வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்தான். சீனுவாசன் வந்து எதிரில் நின்றுவிட்டால் போதும், அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ரோட்டைப் பார்ப்பான், கயிற்றில் முடிச்சுப் போடுவான், மறுபடியும் ரோட்டைப் பார்ப்பான்.

வெயில் சாயும் நேரத்தில் திண்டிவனம் போனவர்கள் ஒவ்வொருவராக நடந்தே வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர் கோதண்டபாணி. இடிந்த தெருவைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவரு பின்னால வர்றாரா?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

"இன்னா தங்கச்சி கேக்கற? மூட்ட ஒடனே வித்துப் போச்சுன்னு பதினோரு மணி பஸ்ஸுக்கே வந்துட்டாரே! நான்தான் ஏத்தி வுட்டேன். இன்னும் வூட்டுக்கு வரல?"

கண்ணையன் கூரை மேலிருந்து குதித்தான். பாழுங்கிணற்றுப் பக்கம் ஓடினான். எதற்கென்று தெரியாமலே ஊர் அவன் பின்னால் ஓடியது. என்னவென்று தெரிந்த முருகையன் மட்டும் "அய்யோ, அய்யோ" என்றுகொண்டே ஓடினான்.

கிணற்று வாயில் பனைமரம் ஒன்று விழுந்து உள்ளே சரிந்திருந்தது. பஸ்ஸை விட்டிறங்கிக் குறுக்கு வழியில் வந்த சீனுவாசன் காற்றுக்கு ஒதுங்கத்தான் கிணற்றுப் படியில் இறங்கியிருக்க வேண்டும். நாலாவது படியில், தொடைமேல் மரம் அழுத்த, சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தான். படியெல்லாம் ரத்தம். கண்ணையன் சறுக்கிக்கொண்டு இறங்கி அவன் முகத்தை இரண்டு கையாலும் தூக்கினான். தலை தொங்கிவிட்டது.

"அண்ணே, வந்துட்டேன் அண்ணே! நான்தான், கண்ணையன்!"

முருகையனும் இறங்கி மார்பில் கை வைத்துப் பார்த்தான். கையை எடுக்க மனம் வராமல் வைத்தபடியே இருந்தான்.

"ஒடம்பு இன்னும் சூடா இருக்குதுடா" என்றான்.

கூரையில்லாத வீட்டில்தான் சீனுவாசனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அழுதவர்கள் ஊர்க்காரர்கள். கோவிந்தம்மாள் அழவில்லை. புருஷன் காலடியில் உட்கார்ந்து கண்ணையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நேரா கெணத்துக்கு ஓடுனியே. அங்க இருக்காருன்னு உனுக்கு எப்பிடித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். பனைமரம் விழுந்ததைப் பார்த்தேன் என்றால் நம்பியிருப்பாள். முருகையன்கூடக் கண்ணைக் காட்டினான். கண்ணையனுக்கு அது முடியவில்லை.

"கூப்ட்டாரு அண்ணி. மத்தியானம், காத்து நின்னதும்."

"யார?"

"என்னத்தான். எம் பேரச் சொல்லி."

அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கோவிந்தம்மாள் முகத்தில் கோபம்கூட இல்லை. புருஷன் கடைசியாகப் பேசியது கிடைக்கும் என்ற ஆசைதான் இருந்தது. முட்டி போட்டுக் கண்ணையன் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல அண்ணி" என்றான் கண்ணையன்.