பச்சை மணிக்காரியின் இரத்தம்

என் தங்கை மகள்தான் என்னை அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். வெளியே அனுப்பியதும் அவள்தான்.

கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, இரத்தம் எடுக்கும்போது குரங்கைப் பிடித்துக்கொள்வது, குழாயில் சீட்டு ஒட்டுவது, இதெல்லாம் என் வேலை. உள்ளங்கையில் அடங்கும் குரங்குச் சாதி அது. எண்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. அதனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் மணி, சீட்டிலும் அதே நிறத்தில் புள்ளி. பதினோரு வருடத்தில் ஒன்றுகூட மாறியதில்லை.

அவளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. குரங்கின் உடம்பில் வேலை செய்கிற மரபணுக்களின் நகல்கள் துண்டு துண்டாக வருமாம். அவற்றைக் கோத்து முழுசாக்கி, மனிதனின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் வைப்பாள்.

"குரங்குக்கு மனுஷன் பேரா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொந்தம்தானே மாமா."

"பேரைக் குடுத்துட்டுக் கூண்டுல வைக்கிற சொந்தம்."

ஒருநாள் காலையில் கூண்டறைக்கே வந்து நின்றாள்.

"பச்சை மணி பொட்டையா, கடுவனா?"

"பொட்டை."

"அதோட ரத்தத்துல ஆணுக்கு மட்டும் இருக்கிற மரபணு வருது. குழாயை மாத்தி ஒட்டிட்டீங்க மாமா."

"மாத்தல."

"நம்பரைப் படிக்காம மணியைப் பாத்து ஒட்டினா இப்படித்தான்."

"அதுவும் நீல மணியும் ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்ததும்மா. நீலம் கடுவன். அதனால எதாவது இருக்கான்னு பாரு."

"நானும் தம்பியும்கூட இரட்டைதான். என் ரத்தத்துல அவனா ஓடுறான்?"

சிரித்தாள். அன்று மாலையே என் பெயருக்கு நேராகப் பதிவேட்டில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி, என்னை வீட்டில் இருக்கச் சொன்னாள். என் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வயசாச்சுல்ல அண்ணே" என்றதோடு சரி.

மூன்று வாரம் கழித்துப் பச்சை மணிக்காரியைக் கொன்று சோதித்தார்கள். இரத்தத்தில் மறுபடியும் ஆணின் மரபணு. மூளையில் பெண்ணுடையது மட்டும். அப்புறம்தான் அவளுடைய மேலதிகாரி சொன்னாராம்: இந்தச் சாதியில் இரட்டைகள் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கலந்துகொள்ளும், பழைய புத்தகத்திலேயே இருக்கிறது என்று. மனிதப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வந்தாள்.

"திங்கக்கிழமையிலருந்து வாங்க மாமா."

"பதிவேட்டுல எழுதினதை அடிச்சியா?"

"அடிச்சா ஏன்னு கேப்பாங்க. என் கட்டுரை வெளிவர்ற நேரம். பதிவேட்டை யாரு படிக்கப் போறா?"

"நான் அங்க இருந்ததுக்கு எழுத்துல இருக்கிறது அது ஒண்ணுதான்."

"இவ்வளவு ரோஷம் ஆகாது மாமா."

திங்கட்கிழமை நான் போகவில்லை. வேலையை விடுவதாக எழுதித் தரச் சொல்லி ஒரு தாள் அனுப்பினார்கள். காரணம் என்ற இடத்தில் எழுத்துக்கூட்டி எழுதினேன்: 'நான் மாற்றி ஒட்டவில்லை.' அதைக் கோப்பில் வைத்தார்களோ, கசக்கிப் போட்டார்களோ.