முப்பத்திரண்டு விரிப்பும் ஒரு முறைப்பும்

...தொடவே வேண்டாம், முறைத்துப் பார்த்தாலே போதும், எப்பேர்ப்பட்ட மெஷினும் நடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும், பஞ்சு மில்லில் முப்பத்தொரு வருஷம் அம்மாவாசை அப்படித்தானே வேலை பார்த்தார், ஸ்பானரெல்லாம் மற்றவர்களுக்கு, ஜெர்மனியிலிருந்து வந்த இன்ஜினீயர்கூட இவர் முறைப்பதை ஒருதரம் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த பிளேனில் ஏறிவிட்டான்... அவர் சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மாள் துணி உலர்த்துகிற டிரையருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள், இடுப்பில் ஈர விரிப்பு மூட்டை. "மொறச்சுக்கினே இருங்க, யாரு வேணாம்னா? கை மட்டும் வச்சீங்க, அவ்ளோதான். மிக்சிய சரி பண்றேன்னு நீங்க பண்ண கூத்துல சட்னி இன்னும் மோட்டுல ஒட்டிக்கினு இருக்குது. இது காஸு. தெரியுதா?" தெரிந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டவள், அவர் சொன்னதில் ஒன்றையாவது நம்பியிருக்கிறாளா, கல்யாணத்தன்று தன் பெயரைச் சொன்னபோதுகூட ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாளே...

சரி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நெல்லித்தோப்பு முழுக்க மூன்று நாளாக மழை, வீட்டுக்குள் கொடி கட்ட இடமில்லை, கூடத்தில் நடந்தால் முகத்தில் ஈரத் துணி அறைகிறது, சோறுகூட சோப்பு வாசம். கன்னியம்மாள் துணி வெளுத்துக் கொடுக்கிற பீச் பக்கத்து விருந்தினர் விடுதிக்கு முப்பத்திரண்டு படுக்கை விரிப்பு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டோ வரும், காய்ந்திருக்காவிட்டால் இனிமேல் எல்லாத் துணியும் லாஸ்பேட்டையில் புதிதாக வந்திருக்கிற பெரிய சலவைக் கம்பெனிக்குத்தான் என்று விடுதி மேனேஜர் பூர்ணிமா காலையில் போனில் தன்மையாகத்தான் சொன்னாள். அந்த விடுதி ஒன்றுதான் அவளுக்கு வாடிக்கை. மெக்கானிக் கடலூரில், திங்கட்கிழமைக்கு முன்னால் வரமாட்டான். டிரையரோ உருளுகிறது, சும்மா சொல்லக்கூடாது, ஜம்மென்று உருளுகிறது, ஆனால் துணி ஆவி பிடித்த மாதிரி வெதுவெதுவென்று ஈரமாகவே வெளியே வருகிறது. மூடிப்போன லாட்ஜிலிருந்து இதை வாங்கி வந்தது அவர்தான், தெருவில் எல்லோரிடமும் இது கப்பலில் ஓடிய மெஷின் என்று சொன்னதும் அவர்தான்.

கீழே சின்ன ஓட்டை, அதன் வழியாகப் பார்த்தால் காஸ் எரிவது தெரியும். பார்த்தார். நீல நாக்கு பொசுக்கென்று பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணிக்கொண்டே போனார், நூற்றுப் பத்தில் அணைந்தது. ஆறிய பிறகு மறுபடியும் பிடித்தது, இந்தத் தடவை தொண்ணூறிலேயே போய்விட்டது. பிடிக்கிறது, சூடாகிறது, அணைகிறது... அப்படியானால் காஸ் வருகிறது, நெருப்பு வருகிறது, எது வரவில்லை, அல்லது எது போகவில்லை? பின்னாலிருந்து கன்னியம்மாள், "நாந்தான் கெடுத்துட்டேன். போன வாரம் அவங்க குடுத்த தடி கால்மிதியடியப் போட்டேன் பாரு, அதுலதான் போச்சு" என்றாள், குரல் என்னவோ போல இருந்தது. அவள் வாயிலிருந்து "நாந்தான்" என்று வந்து எத்தனை வருஷம்? ஊதிப் பெருக்கிச் சொல்வதென்றால், பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனதற்கப்புறம் இதுதான் முதல் தடவை. சிரிப்பு வரவேண்டும், ஏனோ வரவில்லை. சும்மா இருடி, என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

மூடினால்தான் காது திறக்கும். உருளையின் கடகட, பெல்ட்டின் முனகல், அதற்கும் அடியில் காற்றாடி... கீச்சென்று, மெல்லிசாக, தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு யாரோ மூச்சு விடுகிற மாதிரி. இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறோமே, எங்கே, மில்லில் பஞ்சைப் பிரித்து ஊதுகிற அறையில், குழாய் வலையில் தூசி அடைத்துக்கொண்டால் இப்படித்தான் கீச்சிடும், ஷிப்டுக்கு நாலு தடவை வலையைத் தட்டச் சொல்லிக் கத்துவாரே, தட்டாதவனை அவர் திட்டுகிற திட்டு நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவனுக்குக் கேட்குமே, தூசி போக வழி வேணாமாடா, நீ மூக்கை அடைச்சுக்கினு தூங்குவியா... வழி. இந்தச் சூட்டுக் காற்று வெளியே போக வழி எங்கே? பின்பக்கச் சுவரில் குழாய். அந்தக் குழாயில்... ஐயையோ.

குடையை எடுத்தார். "எங்க போறீங்க? ஓடிட்டீங்களா, மொறச்சு முடிச்சாச்சா?" என்றாள். பின்கதவைத் திறந்து இறங்கினார். பின்சந்தில் கணுக்கால் வரை தண்ணீர், சுவரில் கை அகலக் குழாய், அதன் வாயில் பழைய கொசுவலைத் துண்டு, மேலே சைக்கிள் ட்யூபால் இறுக்கிய கட்டு. பிரித்தால் பிரியாத மில் முடிச்சு, இந்தத் தெருவில் வேறு யாருக்கு அதைப் போடத் தெரியும்? ரெண்டு மாசத்துக்கு முன்னால் அந்தக் குழாய் வழியாக ஒரு அணில் வந்து கன்னியம்மாளின் கால்மேல் ஏறிவிட்டதென்று, இனிமேல் எறும்புகூட வராது பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரே கட்டினார். இப்போது வலை தெரியவில்லை, அதன்மேல் பிசிறு படிந்து படிந்து கம்பளித் தொப்பி மாதிரி தடித்துப் போயிருந்தது. முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் வலையைத் தட்டச் சொன்னவன்... அறுத்து இழுத்தார். அடைபட்டிருந்த காற்று அவ்வளவும் ஒரு தும்மலாக அவர் முகத்தில் அடித்தது, மீசையெல்லாம் வெள்ளைப் பஞ்சு, குடை மல்லாந்தது. அப்புறம் சூடாக, சீராக, ஒரு பெரிய பிராணி நிம்மதியாக மூச்சு விடுவதுபோல வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பஞ்சுத் தொப்பியைச் சுருட்டி லுங்கி மடிப்புக்குள் திணித்துக்கொண்டு உள்ளே வந்தார். கன்னியம்மாள் தரையில் முட்டி போட்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு, சாமி கும்பிடுகிறாளோ என்று பார்த்தால், இல்லை, எண்ணுகிறாள். நூற்றி நாற்பது... இருநூறு... முந்நூறு. நெருப்பு அணையவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மிதியடிப் பேச்சு போய்விடும், அவள் முகம் தெளியும், அவருடைய முகம்தான்... உருளை நின்றதும் அவள் முதல் விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், ஈரமே இல்லை, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், அவர் வாயைத் திறந்தார், அதற்குள் போன் அடித்தது, அவள் எடுத்தாள்.

"ஆங், பூர்ணிமா... ஆட்டோவ அனுப்பும்மா, அஞ்சுக்கெல்லாம் ரெடியா இருக்கும்." மடிப்புக்குள் ஈரப் பஞ்சு வயிற்றில் ஜில்லென்று ஒட்டியது. எத்தனையோ கதை, ஜெர்மன்காரன், பிளேன், கப்பல், ஒன்றைக்கூட யாரும் நம்பியதில்லை, அதனால்தானோ என்னவோ எதைச் சொல்லவும் கூசியதில்லை, இப்போது மட்டும் ஏன் நாக்கு இப்படி... "இல்லம்மா, மெக்கானிக் வரல" என்றபடி கன்னியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள், மீசையில் பஞ்சோடு நின்றவரை, நாற்பது வருஷத்தில் பார்க்காத ஒரு பார்வை. "எங்க வீட்டுக்காருதான். கையே வைக்கல. ஸ்டூலப் போட்டுக்கினு சும்மா மொறச்சுப் பாத்தாரு... நா பக்கத்துலயேதான் நின்னேன், பொய் சொல்லுவனா? ஓடுது."