இடது பக்கம் இழுக்கும் வண்டி

மூன்றாவது தடவையாக அந்த லாரி பட்டறைக்குள் வந்தபோது மெக்கானிக்குக்கு எரிச்சலும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. முன்பெல்லாம் ஒரே கோளாறுக்காக ஒரு வண்டி திரும்பி வந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இப்போது வாசலில் அதன் மூக்கு தெரிந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் கிடந்த பலகைகளை அகற்றப் போனார். அவ்வளவுதான்.

ஓட்டிவந்தவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். லாரியும் அவருடையதுதான். பவர் ஸ்டீரிங் என்பதெல்லாம் வராத காலத்து வண்டி. திருப்ப வேண்டுமென்றால் தோளிலிருந்து பலம் வர வேண்டும். மாப்பிள்ளை அதைப் பெரியவர் என்றுதான் சொல்வார். பெரியவர் இருமுகிறார், பெரியவருக்குத் தாகம், பெரியவர் இன்றைக்கு மேடு ஏற மாட்டேன் என்கிறார்.

“பெரியவர் இன்னும் இடது பக்கமேதான் சாயறார் மச்சான்,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். “நீங்க வைத்தியம் பாக்கறீங்களா, இல்ல சும்மா நலம் விசாரிச்சு அனுப்பறீங்களா?”

வேறொரு காலமாக இருந்தால் மெக்கானிக் இதற்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பார். மாப்பிள்ளையும் மச்சானும் சந்தித்துக்கொண்டால் தங்கை காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். அதெல்லாம் போன வருடம் அவர் மனைவி இறப்பதற்கு முன்னால். காரியங்கள் முடிந்த மறுநாளே பட்டறையைத் திறந்துவிட்டார். அழுதாரா என்று யாருக்கும் தெரியாது. அழவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். “நீ மரத்துப் போயிட்டண்ணா,” என்று தங்கை ஒருநாள் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. மரத்த இடத்தில் கிள்ளினால் வலிக்காது. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

லாரி மூன்றாம் தடவை வந்த அன்று காலையில் தங்கை போன் செய்திருந்தாள். மறுநாள் மாப்பிள்ளைக்கு மலைப்பாதையில் சரக்கு ஏற்றிப் போகிற வேலை. போகும் வழி நெடுக இடது பக்கம் கிடுகிடு பள்ளம். வண்டி சரியாகிவிட்டது என்று அண்ணன் வாயால் சொன்னால்தான் அவரை வீட்டை விட்டு அனுப்புவேன், இல்லாவிட்டால் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்தான். ஆகவே இன்று பொழுது சாய்வதற்குள் மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

முதல் தடவை வந்தபோது மாப்பிள்ளை காரணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வெளியூர்ச் சவாரி ஒன்றில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதாம். அன்றைக்கு ஆரம்பித்ததாம் இந்த இழுப்பு. நோயாளியே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் வைத்தியனுக்கு வேலை சுலபம். மெக்கானிக் காற்றைச் சரிபார்த்தார். முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டார். இழுப்பு டயரில் இருந்தால் அதோடு சேர்ந்து வலது பக்கம் போயிருக்க வேண்டும், போகவில்லை. இரண்டாம் தடவை, சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னைக் கழற்றி புஷ் மாற்றினார். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடின் இரண்டு முனைகளையும் மாற்றினார். ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலச் சுற்றின. ஸ்பிரிங் பட்டைகளின் உயரம் அளந்தார், முன் அச்சு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சந்தேகத்துக்கு இடமானதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் அவருடைய வழி. எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது திருடன். இப்போது, ஸ்டீரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீரிங் பாக்ஸ் ஒன்றுதான் மிச்சம்.

பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டு, மாப்பிள்ளையை மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை ஆட்டச் சொன்னார். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இடமும் வலமுமாக ஆட்ட, மற்றவர் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்ப்பார். எங்கே அசைவு தாமதமாக வந்து சேர்கிறதோ அங்கே தேய்மானம். கண்ணை விட விரலுக்குத்தான் இது முதலில் தெரியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான்.

“இடது.”

சக்கரத்துக்குப் போகிற கம்பி நகர்ந்தது.

“வலது.”

நகர்ந்தது. ஆனால் பாதி தூரம்தான்.

மறுபடி சொன்னார், மறுபடியும் அப்படியே. இணைப்புகளில் ஆட்டமே இல்லை. மேலிருந்து வருகிற அசைவே வலது பக்கம் வரும்போது சவலையாக வந்தது. அப்படியானால் பாக்ஸ்தான். உள்ளே ஒரு பக்கம் இறுகியிருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் கையால் ஒருமுறை உணர்ந்து பார்க்கலாம் என்று மேலே ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையைக் கீழே இறக்கி, கம்பியில் கை வைக்கச் சொன்னார்.

ஸ்டீரிங் இரண்டு பக்கமும் ஒரே கனமாகத் திரும்பியது.

கீழேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. “ரெண்டு பக்கமும் சரிசமமாத்தான் போகுது மச்சான். நீங்க உக்காந்தா பெரியவர் பயந்துக்கறார் போல.”

மெக்கானிக் ஸ்டீரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். கூரைத் தகரத்தில் ஏதோ ஒரு பறவை நடந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு இறங்கிப் போய் இடது முன்சக்கரத்தின் அருகே குந்தினார். தரையில் படுகிற பட்டைப் பகுதி தேய்ந்த விதம், உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை, ஒரே சீராக இருந்தது. சக்கரம் கோணலாக ஓடினால் ரப்பர் இப்படித் தேயாது. ஒரு ஓரத்தில் ரம்பம் போல் பிசிறடிக்கும். ஆனால் டயரின் பக்கவாட்டில் புதிதாக உராய்ந்த வடுக்கள் இருந்தன. ஓரக்கற்களில் உரசின வடுக்கள். இந்த டயர் முதல் தடவை வலது பக்கத்திலிருந்து அவரே மாற்றிப் போட்டது. அன்றைக்கு இதன் கன்னம் வழவழவென்று இருந்தது.

வண்டி நேராகத்தான் ஓடுகிறது. யாரோ ஒருவர் அதை ஓரத்துக்குக் கொண்டுபோகிறார்.

இந்த எண்ணம் வந்தபோது நெஞ்சு திக்கென்று இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இருக்கவில்லை. அடுத்த சோதனை என்னவென்றுதான் மனம் போயிற்று.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நேர்சாலை உண்டு. ஓரத்துக்குச் சரியாத தட்டையான சாலை. பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்ப்பது அங்கேதான். போகும்போது மெக்கானிக் ஓட்டினார். பாதி தூரத்தில் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். பெரியவர் நூல் பிடித்த மாதிரி போனார். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை, உங்கள் கைக்கு மட்டும் அடங்குகிறார், மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி நடிக்கிறார் என்று வண்டியைத் திட்டினார். சாலை முடியும் இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, வரும்போது மாப்பிள்ளையை ஓட்டச் சொன்னார்.

இந்தத் தடவை மெக்கானிக் சாலையைப் பார்க்கவில்லை. சக்கரத்தின் சத்தத்தைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கைகளைப் பார்த்தார்.

இடது கை ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தது. வலது கை அதன் மேல் வைக்கப்பட்டிருந்தது. கட்டைவிரல் வளையத்தைச் சுற்றிக் கொள்ளவில்லை. நாற்காலியின் முதுகில் யாரோ போட்டுவிட்டுப் போன துண்டு மாதிரி கிடந்தது. இடது கையின் கனத்தில் ஸ்டீரிங் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் கீழே இறங்கியது. அதை இழுத்து நிறுத்த வலது பக்கம் ஆளில்லை. லாரி ஓரத்தை நோக்கிச் சாய்ந்தது. சக்கரம் ஒரு கல்லில் உரசியது.

“பாத்தீங்களா?” என்றார் மாப்பிள்ளை. வழக்கில் ஜெயித்தவரின் குரல். “பாத்தீங்கல்ல? நான் சொன்னா நம்ப மாட்டேன்னீங்க.”

மெக்கானிக் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இரண்டு பக்கத்துச் சாமானையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது தவிர அவருக்கு வேறு வைத்தியம் தெரியாது.

“மாப்ள, ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாத்து இருக்கட்டும்.”

“எதுக்கு, அடி போடவா?”

“நீட்டுங்க. கண்ணை மூடிக்குங்க.”

கண் திறந்திருந்தால் மாப்பிள்ளை தன்னையறியாமல் சரிக்கட்டிவிடுவார் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை நாள் அப்படித்தானே ஓட்டியிருக்கிறார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். கைகள் சமமாக நின்றன. பிறகு வலது கை, யாரோ மெல்ல அழுத்துகிற மாதிரி இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க உள்ளங்கை உள்பக்கமாகத் திரும்பியது. மாப்பிள்ளையின் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

“இப்பத் திறங்க.”

அவர் திறந்து பார்த்தார். ஒரு கை நெஞ்சுக்கு நேரே இருந்தது, இன்னொன்று மடிக்கருகே. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை மேலே தூக்கி மற்றதோடு சமமாக வைத்தார். கடை திறப்பவர் படுதாவை இழுத்துச் சரி செய்வது போல.

“நான் இறக்கலையே மச்சான்.”

“தெரியும்.”

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார். அணைத்த பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டார். மாப்பிள்ளை யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த வெளியூர்ச் சவாரியில் லாரிக்குள்ளேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். எழுந்தபோது வலது கை மரத்துக் கிடந்திருக்கிறது. படுத்த வாக்கில் மரத்திருக்கும் என்று உதறிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். போகப் போகக் கொஞ்சம் உயிர் வந்தது. அதே காலையில்தான் அந்தப் பள்ளமும். பள்ளத்தைச் சொன்னவர் கையைச் சொல்லவில்லை. கையை எதற்கு மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்?

எதிரே கிடங்கின் சுவரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சைக்கிள் அவர்களைக் கடந்து போய், சாலையின் முனையில் சின்னதாகி, திரும்பி மறைந்தது.

“இதுக்கு என்ன சாமான் மச்சான் மாத்துவீங்க?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

மெக்கானிக் விரலிடுக்கிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

“உங்க தங்கச்சிகிட்ட ஸ்டீரிங் பாக்ஸ் போச்சுன்னு சொல்லிடுங்க. சாமான் கிடைக்கலன்னு சொல்லுங்க. வண்டி பட்டறையில கிடக்கட்டும். கை அதுக்குள்ள தானா சரியாயிடும். எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது மச்சான், உங்களுக்கே தெரியும்.”

சொல்வது சுலபம்தான். வண்டியின் வியாதி என்று சொன்னால் தங்கை நம்புவாள். மெக்கானிக் அண்ணன் சொன்ன பிறகு யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? மெக்கானிக் தனக்குள் இரக்கத்தைத் தேடிப் பார்த்தார், பயத்தையும் தேடினார். இரண்டும் கைக்குத் தட்டுப்படவில்லை. இருட்டில் கிரீஸ் டப்பாவைத் தடவுவது மாதிரி இருந்தது. இங்கேதான் வைத்திருந்தோம், காணவில்லை. அவை வருகிற வரை காத்திருக்க நேரமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“பாக்ஸ் நல்லாருக்கு மாப்ள,” என்றார். “வண்டி நல்லாருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்தப் பக்கம் வாங்க, நான் ஓட்டறேன்.”

மாப்பிள்ளை ஸ்டீரிங்கை விடவில்லை. இடது கை அதை இறுகப் பிடித்திருந்தது. மெக்கானிக் இறங்கி, லாரியின் முன்பக்கமாகச் சுற்றிவந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். இழுக்கவில்லை. வெயிலில் நின்றார். கடைசியில் மாப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டு, இருக்கையின் மேலேயே நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் போனார். தன் சொந்த வண்டியில் அந்த இடத்தில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார்.

வழியில் ஒருமுறை மட்டும், பள்ளி வருகிறது, மெதுவாகப் போங்கள் என்றார். மெக்கானிக் மெதுவாகப் போனார்.

ஆஸ்பத்திரி வாசல் வளைவு தாழ்வாக இருந்தது. லாரி உள்ளே போகாது. பக்கத்துச் சந்தில், மதிற்சுவரை ஒட்டிப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். நீங்கள் முதலில் உள்ளே போங்கள், நான் வருகிறேன் என்று மெக்கானிக் சொன்னார். மாப்பிள்ளை இறங்கினார், ஆனால் உள்ளே போகவில்லை. லாரியின் பின்னால் போய் நின்றுகொண்டார். பெரியவரைப் பின்னால் எடுக்கும்போது யாராவது பின்னால் நின்று சொல்ல வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்.

“வாங்க… வாங்க. அப்படியே வாங்க. ஒடிச்சு வாங்க.”

மெக்கானிக் கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை இரண்டு கைகளையும் அசைத்துத்தான் வழி காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை உயர்ந்து, வா வா என்று அழைத்தது. மற்றது இடுப்பருகே நின்று வேறெதையோ சொல்லியது. மாப்பிள்ளை அதைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துச் சட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டார்.

“இப்ப வாங்க மச்சான்,” என்றார், ஒரு கையைத் தூக்கி.

மெக்கானிக் அந்த ஒரு கையைப் பார்த்துக்கொண்டே ஸ்டீரிங்கை ஒடித்தார்.