பெயரில்லாத சீட்டு

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் இரண்டாம் மாடி வகுப்பில், பாலியல் கல்வி வகுப்பெடுக்க வந்திருந்த ஜைனப் மாணவிகளின் கேள்விச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் எழுத வேண்டாம், கேட்க நினைப்பதை மட்டும் எழுதுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். மாதவிடாய் ஏன் தள்ளிப்போகிறது, முத்தம் கொடுத்தால் கர்ப்பமாகுமா. பதினான்கு வருடங்களாக இவற்றுக்குப் பதில் சொல்லிவருகிறாள். அதற்கு முன் மருத்துவமனையில் தாதியாக இருந்தாள்.

ஒரு சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: 'டியூஷன் சார் என்னிடம் தப்பாக நடக்கிறார். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்களாம். தப்பு என்னுடையதா?'

அதை அவள் உரக்கப் படிக்கவில்லை. பாடத்தின் ஸ்லைடுகள் தெரிந்த திரையை அணைத்தாள். யார் முகத்தையும் குறிப்பாகப் பார்க்காமல், பெரியவர் ஒருவர் அப்படி நடந்தால் தப்பு ஒருபோதும் பிள்ளையுடையது அல்ல என்றாள். உடலின் உறுப்புகளை அவற்றின் பெயராலேயே சொன்னாள். முதலில் கேட்டவர் நம்பாவிட்டால் இரண்டாமவரிடம், மூன்றாமவரிடம் சொல்லச் சொன்னாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் சீட்டைப் பள்ளி ஆலோசகரிடம் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, அவளைப் பள்ளிகளுக்கு அனுப்பும் நிறுவனம் தஞ்சோங் பகார் அலுவலகத்துக்குக் கூப்பிட்டது. மேலாளர் ரஞ்சன் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

“ஒரு பேரண்ட் கம்ப்ளெயின் பண்ணியிருக்காங்கக்கா, பிள்ளைங்க மனசக் கெடுத்துட்டீங்கன்னு. ஸ்லைட்ல இல்லாததப் பேசினது தப்புன்னு ஒரு சைன் மட்டும் போட்டுடுங்க லா.”

“அந்தப் பிள்ளை யாருன்னு தேடினாங்களா?”

“ஸ்கூல் பாத்துக்கும்.”

“தேடினாங்களான்னு கேட்டேன்.”

ரஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “பேர் இல்லையேக்கா. கிளாஸையே கூப்பிட்டு விசாரிச்சா வெளிய தெரிஞ்சிரும்னு யோசிக்கிறாங்க.”

“நான் போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கப்போறேன்.”

“எந்தப் பிள்ளைன்னு கேப்பாங்களே?”

“தெரியாதுன்னு சொல்வேன். கண்டுபிடிக்கிறது அவங்க வேலை.” அவள் தாளைப் படித்தாள். “'தப்பு என்னோடதா?'ன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு. இல்லேன்னு சொன்னேன். இப்ப இதுல சைன் போட்டா, ஆமா, உன்னோடதுதான்னு சொன்ன மாதிரி ஆயிடும்.”

“போடலைன்னா காண்ட்ராக்ட் முடிஞ்சிரும்க்கா. உங்க சம்பளத்துலதான வீடே ஓடுது?”

“அது எனக்குத் தெரியும், தம்பி.”

தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கீழே எழுதினாள்: 'அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். மறுபடி கேட்டாலும் சொல்வேன்.' கையெழுத்திட்டுத் தேதி போட்டாள். ஒரு நகல் எடுக்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டாள். ரஞ்சன் நகல் எடுத்து முத்திரையை அழுத்தினான்.

அறைக்கு வெளியே, கதவருகே அச்சு இயந்திரம் திங்கட்கிழமை வகுப்புக்கான புதிய கேள்விச் சீட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தாள். சூடாக இருந்தது. உச்சியில் இரண்டு கட்டங்கள்: பெயர், வகுப்பு. இரண்டையும் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

ஜைனப் அதைச் சுவரில் வைத்து எழுதினாள். பெயர்க் கட்டத்தில், ஜைனப் பிந்தி முகம்மது யூசுப். வகுப்பை அடித்துவிட்டாள். கேள்விக்கான இடத்தில், 'அந்தப் பிள்ளையைத் தேடினீர்களா?' உள்ளே போய் ரஞ்சனின் முன்னால் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அவன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். இயந்திரம் மிச்சச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளியது.